நார்டிக் நலஅரசு நம்பிக்கையில் நிற்கிறது என்கிறார்களே, அந்த நம்பிக்கை எதில் நிற்கிறது?

தெற்குவாசல் (கேள்வி)

சுவீடன், டென்மார்க், நார்வே, பின்லாந்து என்று பேச்சு எடுத்தாலே ஒரே விளக்கம்தான் வருகிறது. மக்களுக்கு அரசின் மேல் நம்பிக்கை இருக்கிறது, அதனால் வரி கட்டுகிறார்கள். வரி வருவதால் சேவை நன்றாக இருக்கிறது. சேவை நன்றாக இருப்பதால் நம்பிக்கை வருகிறது. செக்குமாடு போல சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கும் விளக்கம் இது.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இந்த நம்பிக்கை நடைமுறையில் எந்த ஏற்பாட்டால் உருவாகிறது, அதில் எது முந்தியது? இப்போது அது எங்கே, எதனால் பழுதாகிறது? முதியோர் கூடி, குழந்தைகள் குறையும் காலத்துக்கு அவர்கள் செய்துகொண்ட மாற்றங்கள் வேலை செய்கின்றனவா? தரவரிசைப் பட்டியல்கள் வேண்டாம், அவை எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. சட்டம், தொகை, விதி, தவறு என்று உள்ளே போய்ச் சொல்பவர்கள் சொல்லுங்கள்.

வரிவாசகன்

நம்பிக்கை என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. கருத்துக்கணிப்பில் "பெரும்பாலானவர்களை நம்பலாமா?" என்று கேட்பது சக மனிதர் மேலுள்ள நம்பிக்கையை. டென்மார்க்கிலும் நார்வேயிலும் பத்துக்கு ஏழு பேர் ஆம் என்கிறார்கள். சுவீடனிலும் பின்லாந்திலும் ஆறு பேருக்குக் குறையாது. அமைச்சர்கள் மேல், கட்சிகள் மேல் உள்ள நம்பிக்கை வேறு. அது தேர்தலுக்குத் தேர்தல் ஏறி இறங்கும். நலஅரசைத் தாங்குவது மூன்றாவது வகை: வரி அலுவலரும் காப்பீட்டு அலுவலரும் எனக்கும் அடுத்தவருக்கும் ஒரே படியால்தான் அளப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு.

அதைவிட முக்கியம், அந்த நாட்டவர் பிறவியிலேயே நேர்மையானவர்கள் என்ற கதையை ஓரம் வைக்க வேண்டும். டென்மார்க் வரித்துறை 2006ஆம் ஆண்டுக் கணக்குகளுக்காகச் சுமார் 40,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, பாதிப் பேரின் கணக்கை அக்கக்காகத் தணிக்கை செய்தது. முதலாளியோ வங்கியோ நேரடியாக வரித்துறைக்குத் தெரிவித்துவிடும் வருமானத்தில் ஏய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அவரவரே எழுதிக் காட்டும் வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம். ஆட்கள் அதே ஆட்கள்தான். வாய்ப்பு இருந்த இடத்தில் ஏய்த்தார்கள், இல்லாத இடத்தில் ஏய்க்கவில்லை. டேனிஷ் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது என்பதுதான் அந்த நாட்டின் "நேர்மை".

சுவீடனில் இதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1947 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் எண். பிறப்பு, முகவரி, திருமணம் எல்லாவற்றையும் பதிவேட்டில் வைத்திருப்பது வரித்துறையேதான். 2019 முதல் எல்லா முதலாளிகளும் ஒவ்வொரு மாதமும் தொழிலாளி வாரியாகச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் ஆள்வாரி விவரம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். இடைப்பட்ட மாதங்களில் ஒரு நிறுவனத்தைத் திறந்து, சம்பளம் கொடுத்ததாகக் காட்டி, மூடிவிட்டுப் போக நேரம் இருந்தது. வருமான அறிக்கை வசந்த காலத்தில் நிரப்பப்பட்டே வீட்டுக்கு வரும். சரி என்றால் கைபேசியில் ஒப்பமிட வேண்டும், அவ்வளவுதான். கடைசி நாள் வழக்கமாக மே 2.

ரொக்கம் புழங்கும் தொழில்கள்தான் ஓட்டை. அதனால் உணவகம், முடிதிருத்தகம் போன்றவற்றில் இன்றைக்கு வேலையில் இருப்பவர் பெயரை எழுதிவைக்கும் ஆள்பேரேடு 2007இல் கட்டாயமானது, கட்டட வேலைக்கு 2016இல். ரொக்கக் கடைகளுக்கு உள்ளே பதிவுப் பெட்டி பொருத்திய கல்லா இயந்திரம் 2010 முதல். சோதனைக்கு வரும் அலுவலர் முன்னறிவிப்பு தரமாட்டார், பேரேட்டையும் நிற்கும் ஆட்களையும் ஒப்பிடுவார்.

இன்னொரு தந்திரம், வாங்குபவரையே வரித்துறையின் பக்கம் இழுப்பது. வீட்டு வேலை, துப்புரவு, பழுதுபார்ப்புக்குக் கூலியில் ஒரு பங்கை அரசு ஏற்கும். 2009 ஜூலை முதல் அந்தக் கழிவு விலைச்சீட்டிலேயே காட்டப்படுகிறது. மீதியை நிறுவனம் வரித்துறையிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாமல் மலிவாகச் செய்துகொள்ளலாம் என்ற பேரமே அடிபட்டுப் போகிறது.

ஆக, அங்கே அரசு குடிமகனை நம்புவது, நம்ப வேண்டிய அளவை முதலிலேயே குறைத்துக்கொண்டதால். இது முதல் கேள்விக்குப் பாதிப் பதில்தான்.

ஏட்டுச்சுவடு

மீதிப் பாதி: எது முந்தியது? என் கணிப்பில் நேர்மையான அலுவலகம் முந்தியது, தாராளமான நலத்திட்டம் பிந்தியது. சுவீடனில் அரசுக் கோப்புகளை யாரும் கேட்டுப் பார்க்கலாம் என்ற விதி 1766ஆம் ஆண்டின் அச்சுச் சுதந்திரச் சட்டத்திலேயே வந்துவிட்டது. பதவியைச் சொத்துபோல வாங்கி விற்பது, கட்டணத்தை அலுவலரே வைத்துக்கொள்வது போன்ற பழக்கங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒழிந்தன. டென்மார்க் 1891இல் முதியோர் உதவியை ஏழைச் சட்டத்திலிருந்து பிரித்து வரிப்பணத்தில் கொடுக்கத் தொடங்கியது. சுவீடனின் பொது ஓய்வூதியச் சட்டம் 1913இல். பெரிய சமரசங்களெல்லாம் அதற்குப் பின்தான்: கோபன்ஹேகனில் டென்மார்க் கட்சிகள் செய்த 1933 ஜனவரி உடன்பாடு, சுவீடனில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் 1938இல் சால்ட்ஷேபாடனில் செய்த ஒப்பந்தம். அளக்கும் கை சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் அளக்க வேண்டிய மூட்டையைப் பெரிதாக்கினார்கள்.

அடுத்தது, விதியின் வடிவம். சுவீடனில் குழந்தை உதவித்தொகை ஒரு குழந்தைக்கு மாதம் 1,250 குரோனா, 2018 முதல் இந்த அளவு. விண்ணப்பம் கிடையாது, வருமானம் கேட்பது கிடையாது; பிறப்புப் பதிவு ஆனால் பணம் வந்துவிடும். அமைச்சரின் பேரனுக்கும் அதே தொகை. இதில் யார் யாரை ஏமாற்ற முடியும்? அலுவலருக்கு முடிவெடுக்கும் அதிகாரமே இல்லை, அதனால் கையூட்டுக்கும் இடமில்லை, சந்தேகத்துக்கும் இடமில்லை.

அதே நாட்டில் கடைசித் தஞ்சமான நகராட்சி வாழ்வாதார உதவியைப் பாருங்கள். மாதாமாதம் விண்ணப்பம், வங்கிக் கணக்கு விவரம், வேலை தேடியதற்குச் சான்று, எதிரே உட்கார்ந்து "இது போதுமா, போதாதா" என்று தீர்மானிக்கும் அலுவலர். விண்ணப்பிப்பவருக்குத் தன் தலைவிதி ஒருவர் கையில் என்று தோன்றும். வெளியே இருப்பவருக்கு உள்ளே போனவர் ஏமாற்றுகிறார் என்று தோன்றும். நம்பிக்கையை இரண்டு பக்கமும் தின்னும் ஏற்பாடு அது. நார்டிக் மாதிரியின் சாமர்த்தியம், பெரும்பான்மை மக்கள் இந்த இரண்டாவது வகை மேசையை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காதபடி செய்தது.

பின்லாந்தின் அடிப்படை வருமானச் சோதனையிலும் இதன் நிழல் தெரிந்தது. 2017, 2018 இரண்டு ஆண்டுகள், வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ, எந்த நிபந்தனையும் இல்லாமல். வேலைநாட்கள் கூடியது சராசரியாக ஆறு நாள்தான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெற்றவர்கள் சக மனிதர்களிலும் அரசு அமைப்புகளிலும் கூடுதல் நம்பிக்கை தெரிவித்தார்கள். கணிப்புக்குப் பதில் சொன்னவர்கள் குறைவு என்பதால் இதை அதிகம் நீட்டக்கூடாது, திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பனிமுகடு

இவ்வளவு சுற்றுவானேன்? வட கடலில் எண்ணெய் இருக்கிறது, செலவழிக்கிறார்கள்.

வரிவாசகன்

எண்ணெய் இருப்பது நார்வேக்கு. டென்மார்க்குக் கிடைத்தது அதோடு ஒப்பிட்டால் சிறிது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் ஒரு சொட்டும் இல்லை. அந்த இரண்டு நாடுகளும் நலஅரசு நடத்தவில்லையா? நார்வேகூட எண்ணெய்ப் பணத்தை அப்படியே செலவழிப்பதில்லை. 1996இல் முதல் தொகை அந்தப் பணத்தைச் சேமிக்கும் நிதியத்தில் விழுந்தது, முதலீடு முழுக்க நாட்டுக்கு வெளியே. 2001இல் வைத்துக்கொண்ட விதிப்படி வருடத்துக்கு எடுக்கலாம் என்ற அளவு நிதியத்தின் 4 சதவீதம். 2017இல் அதையும் 3 ஆகக் குறைத்தார்கள். முதலைத் தொடாமல் எதிர்பார்க்கும் லாபத்தை மட்டும் எடுப்பதுதான் கணக்கு. இப்படிக் கையைக் கட்டிக்கொள்ளப் பெரும்பாலான கட்சிகள் ஒப்புக்கொண்டதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

சட்டக்கண்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கே பழுது என்றால், பலரும் குடியேற்றம், முதுமை என்று தொடங்குவார்கள். நான் அலுவலகத் தவறிலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் மேலே சொன்னவர்கள் விவரித்த மூன்றாவது வகை நம்பிக்கையை நேராகத் தாக்குவது அதுதான்.

நார்வேயில் நாவ் என்ற ஒரே துறைதான் வேலைவாய்ப்பு, நோய்விடுப்புத் தொகை, ஓய்வூதியம் எல்லாம் பார்க்கிறது. நோயால் வேலை செய்ய முடியாதவருக்குத் தரும் பணத்துக்கு "நார்வேக்குள் தங்கியிருக்க வேண்டும்" என்று உள்நாட்டுச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. ஆனால் 2012 ஜூனில் ஐரோப்பியச் சமூகக் காப்பீட்டு ஒழுங்குவிதி நார்வேயில் நடைமுறைக்கு வந்தபோது, ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே போன்ற சில நாடுகளும் சேர்ந்த ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்குள் எங்கே இருந்தாலும் அந்தப் பணத்தை நிறுத்தக்கூடாது என்று ஆகிவிட்டது. துறை பழைய வரியையே பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பெயினுக்குப் போய்வந்ததைத் தெரிவிக்காதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஓலை. தொகை பெரிதானால் மோசடி வழக்கு. குற்றமே செய்யாத பலர் சிறைக்குப் போனார்கள்.

2017இலிருந்தே காப்பீட்டு மேல்முறையீட்டு மன்றம் சில வழக்குகளில் துறைக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லிவந்தது. துறை அவற்றைத் தனித்தனி வழக்குகளாகப் பார்த்ததே தவிர, விதியையே தவறாகப் படிக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. 2019 அக்டோபர் இறுதியில்தான் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு வந்த விசாரணைக் குழு அறிக்கையின் தலைப்பின் பொருளே "பார்வை படாத மூலை". துறை, அரசு வழக்கறிஞர்கள், நீதிபதிகள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள், சட்டப் பேராசிரியர்கள் என ஒருவர் கண்ணிலும் படவில்லை. 2021இல், அந்த வட்டார விதிகளுக்கு நார்வே தரப்பில் பொருள் சொல்லும் எஃப்டா நீதிமன்றம் 2012க்கு முந்தைய காலத்திலும் அந்தக் கட்டுப்பாடு சரியில்லை என்றதும் மறுவிசாரணைப் பட்டியல் இன்னும் பின்னோக்கி நீண்டது.

இதில் ஊழல் இல்லை, யாரும் பணம் தின்னவில்லை. எல்லாரும் நல்லெண்ணத்தோடு சேர்ந்து தவறு செய்தார்கள். அதிக நம்பிக்கை உள்ள சமூகத்துக்கே உரிய நோய் இது. துறை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளும்.

டென்மார்க்கின் கதை எதிர்ப்பக்கம். அங்கே பங்கு ஈவுத்தொகையில் 27 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படும். வரி ஒப்பந்தம் உள்ள வெளிநாட்டவர் அதைத் திரும்பக் கேட்கலாம். விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களைக் கொண்ட ஒரு சிறு பிரிவு, படிவத்தையும் வங்கிச் சான்றையும் பார்த்துப் பணத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. கேட்டவரிடம் உண்மையில் அந்தப் பங்கு இருந்ததா, அவர் பெயரில் வரி பிடிக்கப்பட்டதா என்று ஒப்பிடும் வழியே அமைப்பில் இல்லை. 2012 முதல் 2015 வரை போனது சுமார் 1,270 கோடி குரோனர். அதே காலத்தில் கடன் வசூலுக்காகக் கட்டிய தானியங்கி கணினி அமைப்பு சட்டப்படி வசூலிக்கிறதா என்றே சொல்ல முடியாமல் 2015இல் மூடப்பட்டது. காரணம் எளிது. 2005இல் நகராட்சிகளின் வரி அலுவலகங்களை ஒரே துறையாக இணைத்தார்கள், "கணினி பார்த்துக்கொள்ளும்" என்று ஆட்களைக் குறைத்துக்கொண்டே போனார்கள், கணினி வருவதற்கு முன்பே ஆட்கள் போய்விட்டார்கள். 2018 ஜூலையில் அந்தத் துறையை ஏழு முகமைகளாகப் பிரித்துத் திரும்ப ஆள் எடுத்தார்கள்.

சம்பளக்காரரின் ஒவ்வொரு குரோனரையும் தானாகவே பார்த்துவிடும் ஒரு துறை, நாடு கடந்து வந்த விண்ணப்பத்தைப் பார்க்காமல் விட்டது. சாதாரண வரிசெலுத்துநருக்கு உறைத்தது தொகையைவிட இந்த முரண்தான்.

தெற்குவாசல்

நன்றி. எனக்கு இப்போது புதிதாக ஒரு சந்தேகம். பள்ளி, முதியோர் இல்லம், உதவியாளர் சேவை எல்லாம் சுவீடனில் தனியார் நடத்துகிறார்களே, வரிப்பணத்தில். அந்த இடத்தில் இந்த "ஒரே படி" என்ன ஆகிறது? அப்படியே ஓய்வூதியத்தையும் யாராவது விளக்கினால் நல்லது.

ஏட்டுச்சுவடு

தனியார் விஷயத்தில் சுவீடன் தன் அண்டை நாடுகளைவிடத் தூரம் போனது. 1992 முதல் பள்ளிப் பணம் மாணவர் பின்னால் போகும், பள்ளியை நடத்தும் நிறுவனம் லாபத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் மிகுந்தது கடும் ஊனமுள்ளவர்களுக்கான தனி உதவியாளர் திட்டம், 1994இல் தொடங்கியது. குளிப்பது, உண்பது, உடுப்பது போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு வாரத்துக்கு 20 மணிக்கு மேல் உதவி வேண்டியிருந்தால் செலவை அரசின் சமூகக் காப்பீட்டு முகமை ஏற்கும், குறைந்தால் நகராட்சி. மணிக்கு ஒரு நிலையான தொகை. உதவியாளரை நகராட்சியிடமும் எடுக்கலாம், நிறுவனத்திடமும் எடுக்கலாம், தானே முதலாளியாகவும் இருக்கலாம். ஊனமுள்ளவருக்குச் சொந்த வாழ்க்கையைத் திருப்பித் தந்த அருமையான சட்டம்.

ஓட்டை இங்கே: பணம் மணிக்கணக்கில், வேலை வீட்டுக்குள்ளே. மணிக் குறிப்பேட்டில் எழுதியதுதான் சான்று. வேலை செய்யாத உதவியாளர் பெயரில் மணி எழுதுவது, ஊனத்தை மிகைப்படுத்துவது, தேவை இல்லாதவரையே பயனாளியாக நடிக்கவைப்பது என்று கூட்டாகச் செய்யும் குழுக்கள் வந்தன. எதிர்வினையாக உரிமம் கட்டாயமானது, மதிப்பீடு இறுகியது, நீதிமன்றங்களும் "அடிப்படைத் தேவை"க்குக் குறுகலான பொருள் சொல்லத் தொடங்கின. பத்தாண்டுகளுக்கு முன் 16,000ஐ ஒட்டி இருந்த பயனாளிகள் எண்ணிக்கை பின்னர் 14,000க்குக் கீழே போனது. அப்படி வெளியே தள்ளப்பட்டவர்களில் பலர் மோசடிக்காரர்கள் அல்ல. மூச்சுவிட உதவுவதற்கும் குழாய் வழியே உணவு ஊட்டுவதற்கும் செலவாகும் நிமிடத்தை எண்ணித் தேவை இல்லை என்று சொல்லப்பட்டவர்கள். அந்த ஒன்றைச் சரிசெய்யப் பின்னால் சட்டத்தைத் திருத்த வேண்டிவந்தது.

2024 ஜனவரி முதல் உதவித்தொகைகளைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு முகமை வைத்திருக்கிறார்கள். பல துறைகளின் பணம் போகும் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, ஒருவர் ஒரு துறையிடம் ஒன்று, இன்னொன்றிடம் வேறொன்று சொல்வதைப் பிடிப்பது வேலை. பிடிக்கட்டும். ஆனால் சந்தேகத்துக்குரியவரைப் பொறுக்கும் கணிப்பு நிரல்கள் யாரைப் பொறுக்குகின்றன என்பதை வெளியே காட்டாவிட்டால் நார்வேயில் நடந்ததுதான் வேறு உருவில் நடக்கும். டென்மார்க்கின் உதவித்தொகை முகமையும் சுவீடனின் காப்பீட்டு முகமையும் பயன்படுத்தும் நிரல்கள்மேல் 2024இலேயே பாகுபாட்டுக் குற்றச்சாட்டு எழுந்துவிட்டது.

மருத்துவ வரிசையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சுவீடன் சட்டம் தரும் உறுதி 0-3-90-90: அன்றே தொடர்பு, மூன்று நாளில் முதல்நிலை மதிப்பீடு, 90 நாளில் சிறப்பு மருத்துவர், 90 நாளில் சிகிச்சை. கடைசி இரண்டும் பலருக்குத் தவறுகிறது. அதனால் நிறுவனங்கள் ஊழியருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருகின்றன. தனியார் காப்பீடு உள்ளவர்கள் 7 லட்சத்துக்கு மேல். ஒரு கோடிச் சொச்ச மக்கள்தொகையில் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அவர்கள் யார்? அதிக வரி கட்டும் நடுத்தர வர்க்கம். சுவீடன் ஆய்வாளர்கள் வால்டர் கோர்பி, யோவாக்கிம் பால்மே இருவரும் 1998இல் சொன்னது நினைவுக்கு வருகிறது: ஏழைக்கு மட்டும் என்று குறிவைத்த திட்டத்தைவிட எல்லாருக்குமான திட்டமே ஏழைக்கு அதிகம் போய்ச் சேர்க்கிறது, நடுத்தர வர்க்கம் கூடவே நிற்பதால். அந்த வர்க்கம் வரிசையைவிட்டு நழுவினால் கூட்டணி தளரும்.

நீள்கணக்கு

ஓய்வூதியம் என் பக்கம்.

சுவீடனின் பழைய முறை, சிறந்த 15 ஆண்டுச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டது. பொருளாதாரம் படுத்தால் தாங்காது. 1990களின் தொடக்க நெருக்கடியில் (1992 செப்டம்பரில் மத்திய வங்கி வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றிய காலம் அது) ஐந்து கட்சிகள் உட்கார்ந்து 1994இல் கொள்கையளவில் ஒப்புக்கொண்டன, சட்டம் 1998இல். அடிப்படை இது: ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் வருமானத்தில் 18.5 சதவீதம். அதில் 16 பெயரளவுக் கணக்கில் ஏறும், அதாவது உங்கள் பெயரில் எண் ஏறும், பணம் இன்றைய முதியோருக்குப் போகும். 2.5 உண்மையான நிதியத்தில் முதலீடு. ஓய்வு பெறும்போது கணக்கில் உள்ள தொகையை ஒரு வகுத்தியால் வகுப்பார்கள். உங்கள் வயதுக்காரர்கள் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்ற கணிப்புதான் அந்த வகுத்தி. ஆயுள் நீண்டால் வகுத்தி பெரிதாகும், மாதத் தொகை குறையும், அல்லது அதிக காலம் வேலை செய்ய வேண்டும். பாராளுமன்றம் வாக்களிக்க வேண்டியதே இல்லை.

வகுத்தியில் 1.6 சதவீத வளர்ச்சியை முன்கூட்டியே கடனாகக் கொடுத்துவிடுகிறார்கள், தொடக்க ஓய்வூதியம் பெரிதாக இருக்கட்டும் என்று. பிறகு ஒவ்வொரு ஆண்டும் சம்பளக் குறியீட்டு உயர்விலிருந்து அந்த 1.6ஐக் கழித்துத்தான் உயர்வு. "சம்பளம் 3 ஏறியது, எங்களுக்கு ஏன் 1.4 தான்?" என்று முதியோர் கேட்பதற்குக் காரணம் இதுதான். விளக்குவது கடினம், ஆகவே அது நம்பிக்கைக்கு நல்லதில்லை.

அதற்குமேல் ஒரு "பிரேக்". அமைப்பின் சொத்தைக் கடப்பாட்டால் வகுத்தால் ஒன்றுக்குக் கீழே வந்தால், உயர்வு தானாகக் குறையும். 2008இல் பங்குச்சந்தை விழுந்ததால் 2010இல் முதன்முறை இறங்கியது: அந்த ஆண்டு வருமான ஓய்வூதியம் 3.0 சதவீதம் குறைந்தது, 2011இல் 4.3, 2014இல் 2.7.

விதி வேலை செய்தது. அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்? 2009இலேயே நிதியத்தின் மதிப்பை மூன்று ஆண்டுச் சராசரியாகக் கணக்கிடலாம் என்று மாற்றி அடியைப் பரப்பிவிட்டார்கள், கூடவே முதியோருக்கு வரிச் சலுகை. 2021 செப்டம்பரிலிருந்து நடுத்தர ஓய்வூதியக்காரருக்கு மாதம் 600 குரோனா வரை கூடுதல், பொது வரியிலிருந்து. 2022 ஆகஸ்டில் தேர்தலுக்குச் சற்று முன், குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கான உத்தரவாத ஓய்வூதியம் 1,000 குரோனா வரை உயர்ந்தது. கட்டியதற்கேற்பக் கிடைக்கும் என்ற முதல் வாக்குறுதி இதில் கரைகிறது. நாற்பது ஆண்டு உழைத்தவருக்கும் குறைவாக உழைத்தவருக்கும் இடையே மாதத்துக்குச் சில நூறு குரோனாதான் வித்தியாசம் என்றானால், முழுச் சம்பளத்தையும் கணக்கில் காட்டும் ஆர்வமும் குறையும். மேலே வரிவாசகன் சொன்ன ஏற்பாட்டின் அடியில் போய் அது கைவைக்கிறது.

டென்மார்க் வேறு வழி. 2006 உடன்பாட்டின்படி ஓய்வூதிய வயது ஆயுளோடு கட்டப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாராளுமன்றம் 15 ஆண்டு முன்னறிவிப்போடு வாக்களிக்கும். இப்போது 67. 2030இல் 68, 2035இல் 69, 2025 மே மாத வாக்கெடுப்பின்படி 2040இல் 70. கூரை வேய்பவரும் பேராசிரியரும் ஒரே வயதில்தானா என்ற கேள்வி வெடித்ததும், இளமையிலேயே வேலைக்குப் போனவர் முன்னதாக விலகும் உரிமை 2022இலிருந்து வந்தது: 61 வயதில் 42 முதல் 44 ஆண்டு உழைப்பு இருந்தால் ஒன்று முதல் மூன்று ஆண்டு முன்னதாக. இதில் மருத்துவச் சான்று வேண்டாம், பதிவேட்டில் ஆண்டு எண்ணினால் போதும் என்பது நல்ல வடிவமைப்பு. 70க்கு மேல் இந்தத் தானியங்கி ஏற்றம் தொடராது என்று பிரதமரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பதில் என்ன என்பது இன்னும் எழுதப்படாத பக்கம்.

பின்னணி எண்கள்: 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் பின்லாந்தில் 1.26, நார்வேயில் 1.40, சுவீடனில் 1.45. சுவீடனில் பெற்றோருக்கு 480 நாள் விடுப்பு, ஆளுக்கு 90 நாள் மாற்றிக்கொடுக்க முடியாதது. அத்தனையும் இருந்தும் இந்த எண். விடுப்பைக் கூட்டினால் குழந்தை கூடும் என்று இனி யாரும் பந்தயம் கட்ட வேண்டாம்.

பனிமுகடு

குடியேற்றத்தை ஏன் எல்லாரும் சுற்றிப் போகிறீர்கள்? ஒரே மாதிரி மக்கள் இருந்தவரை ஓடியது. 2015இல் சுவீடனில் 1,62,877 பேர் தஞ்சம் கேட்டார்கள். அப்புறம் என்ன நம்பிக்கை?

சட்டக்கண்

கேள்வி நியாயமானது. சுவீடனில் சக மனிதர் மேலுள்ள நம்பிக்கையின் தேசியச் சராசரி இத்தனை ஆண்டுகளில் பெரிதாகச் சரியவில்லை. குறைந்திருப்பது வேலையில்லாதவர், நோயாளி, குறைந்த கல்வி உள்ளவர் ஆகியோரிடம். விரிசல் பிறப்பிடத்தைவிடப் பிழைப்போடு கூடுதலாக ஒட்டியிருக்கிறது. ஆனால் நலத்திட்டத்தின் எல்லை யார் வரை என்ற அரசியல் முழுக்க மாறிவிட்டது, அதை மறுப்பதற்கில்லை.

ஒரு திருத்தம்: "வந்தவுடன் எல்லாம் கிடைக்கும்" என்பது எப்போதுமே பாதி உண்மைதான். நார்வேயில் முழுக் குறைந்தபட்ச ஓய்வூதியத்துக்கு 40 ஆண்டு வசிப்பு வேண்டும், டென்மார்க்கும் அதேபோல வசித்த ஆண்டை எண்ணித்தான் தரும். வேலையிழப்புத் தொகை டென்மார்க், சுவீடன், பின்லாந்தில் தொழிற்சங்கத்தை ஒட்டிய நிதியங்களில் சந்தா கட்டியவருக்கே முழுதாக வரும். வேலையும் சந்தாவும் இல்லாதவர் உடனே நாடக்கூடியது பெரும்பாலும் அந்தக் கடைசித் தஞ்சம்தான். சண்டையெல்லாம் அதைச் சுற்றித்தான்.

டென்மார்க் 2002இல் புதிதாக வந்தவருக்கு அந்தத் தஞ்சத்தொகையைப் பாதியளவுக்கு வெட்டியது. ஆய்வுகள் காட்டியது: தொடக்கத்தில் வேலைக்குப் போனவர் கூடினார்கள், சில ஆண்டுகளில் அந்த விளைவு கரைந்தது, பெண்கள் பலர் உழைப்புச் சந்தையை விட்டே விலகினார்கள், கடைத்திருட்டு கூடியது. 2012இல் நீக்கி, 2015இல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுவீடனின் ஆளும் கூட்டணியும் 2022 உடன்பாட்டிலேயே, சில ஆண்டுகள் வசித்தோ வேலை செய்தோ தகுதி பெற்ற பிறகுதான் நலத்தொகை என்ற திசையை எடுத்துவிட்டது. நிர்வாகப் பார்வையில் என் ஐயம் வேறு: தகுதி விதி ஒவ்வொன்றும் ஒரு புதிய சோதனை மேசை. ஏட்டுச்சுவடு சொன்ன அந்த இரண்டாவது வகை மேசைகள் பெருகும். அதன் முன் உள்ளூரில் பிறந்தவரும் உட்கார்ந்து தான் யார் என்று நிரூபிக்க வேண்டிவரும்.

நீள்கணக்கு

பின்லாந்தின் மருத்துவச் சீர்திருத்தத்தை யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி 1 முதல் மருத்துவமும் சமூக சேவையும் நகராட்சிகளிடமிருந்து 21 நலவட்டாரங்களுக்கு மாறின. ஹெல்சிங்கி மட்டும் தனியாக நடத்திக்கொள்கிறது. எல்லா நகராட்சிகளின் வருமான வரியும் ஒரே வீச்சில் 12.64 புள்ளி குறைந்து அந்தப் பணம் அரசுக்குப் போனது. வட்டார மன்றத்துக்குத் தேர்தல் உண்டு, வரி விதிக்கும் அதிகாரம் இல்லை; பணம் அரசிடமிருந்து, மக்கள்தொகை, நோய்ச்சுமை போன்ற காரணிகளை வைத்து ஒரு சூத்திரப்படி. முதல் ஆண்டிலேயே பெரும்பாலான வட்டாரங்கள் பற்றாக்குறையில் விழுந்தன. குறித்த காலத்துக்குள் அதை ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் சுகாதார நிலையங்களை மூடுகிறார்கள்.

ஊரில் நிலையம் மூடினால் குடிமகன் யாரிடம் கேட்பது? வட்டார உறுப்பினர் "பணம் அரசு தரவில்லை" என்பார், அமைச்சர் "முடிவு வட்டாரத்துடையது" என்பார். முன்பு நகராட்சி வரியை அரைப் புள்ளி ஏற்றி நிலையத்தைக் காப்பாற்றலாமா என்று அந்த ஊரே விவாதிக்கும். சுவீடனில் இன்றும் 290 நகராட்சிகளும் 21 வட்டாரங்களும் தாமே வருமான வரி விதிக்கின்றன. இரண்டும் சேர்ந்து சராசரி 32 சதவீதம். வரிச்சீட்டில் உள்ளாட்சி வரி எவ்வளவு என்று தனியாக அச்சாகியிருக்கும். பின்லாந்தில் வட்டார வரி பற்றிய யோசனை சீர்திருத்தத்தோடு கூடவே பேசப்பட்டு, பின் கிடப்பில் போடப்பட்டது.